யெல்லிங்கின் மேடுகளும் தேவாலயமும்: கேள்வி பதில்

டென்மார்க்கின் யெல்லிங் என்னும் சிற்றூரில் இரண்டு பெரிய மண்மேடுகளும், அவற்றின் நடுவே ஒரு கல் தேவாலயமும், அதன் வாசலருகே, ரூனிக் என்னும் பண்டைய வட ஐரோப்பிய எழுத்தில் பொறித்த இரண்டு கல்வெட்டுகளும் இருக்கின்றன. 1994 முதல் இவை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். அங்கே செல்லவிருக்கும் அன்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: எப்படிச் செல்வது? அரை நாள் போதுமா, ஐயா?

பதில்: வைலே நகரிலிருந்து ரயில் உண்டு, தொலைவு சுமார் 10 கிலோமீட்டர். யெல்லிங் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அரை நாள் போதும்.

கேள்வி: மேடுகளுக்குள் யாருடைய உடல்கள் இருக்கின்றன?

பதில்: இன்று எவருடையதும் இல்லை. வடக்கு மேட்டில் 1820இல் மரத்தாலான கல்லறை அறை ஒன்று வெளிப்பட்டது. சிறிய வெள்ளிக் கிண்ணம் உள்ளிட்ட சில பொருள்கள் கிடைத்தனவே தவிர, உடல் இல்லை. அந்த மரங்களின் வளையங்களைக் கணித்தபோது, அவை 958–959 குளிர்காலத்தை ஒட்டி வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. அது டென்மார்க்கை ஆண்ட கோர்ம் மன்னர் இறந்த காலத்தோடு பொருந்துகிறது. தெற்கு மேட்டிலோ கல்லறை அறையே கிடையாது. பின்னாளில் தேவாலயத் தரைக்கடியில் நடந்த அகழாய்வில் ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்தன. அவை உடலாகக் கிடத்தப்படாமல் குலைந்து கிடந்ததால், வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று கருதப்படுகிறது. அவருக்குப் பின் மன்னராகி, கிறிஸ்தவராக மாறிய ஹரால்டு, தந்தை கோர்மைப் பழைய சமயத்தின் மேட்டிலிருந்து எடுத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். உறுதியான சான்று இல்லாவிட்டாலும், எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: மேட்டின் மேல் ஏறலாமா?

பதில்: படிகள் இருக்கின்றன, அவசியம் ஏறுங்கள். ஒரு காலத்தில் இந்த வளாகம் முழுவதையும் சுற்றி நின்ற மரவேலியின் தடத்தை இன்று வெண்ணிறக் கான்கிரீட் தூண்கள் காட்டுகின்றன; ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 360 மீட்டர். அந்த அளவு மேலிருந்து பார்த்தால்தான் புலப்படும்.

கேள்வி: ரூனிக் எழுத்து தெரியாதவர் கல்வெட்டில் எதைப் பார்ப்பது?

பதில்: சிறிய கல், கோர்ம் தம் மனைவி தூராவின் நினைவாக நாட்டியது. பெரிய கல்லை ஹரால்டு தம் பெற்றோர் இருவருக்காகவும் எழுப்பினார்; அதன் மூன்று முகங்களையும் சுற்றி வந்து பாருங்கள். முதல் முகத்தில் வரிகள், ஏட்டில் எழுதியதுபோல் கிடைமட்டமாக ஓடுகின்றன. இரண்டாவதில் பாம்பு சுற்றிய விலங்கு ஒன்று நிற்கிறது. மூன்றாவதில் கைகளை விரித்த கிறிஸ்து இருக்கிறார். சிலுவை இல்லை, பின்னிக் கிடக்கும் கொடிகளே அவரைத் தாங்குகின்றன. 'டேனியர்களைக் கிறிஸ்தவர்களாக்கினான்' என்று முடியும் வாசகம், அந்த உருவத்தின் காலடியிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மன்னர் சொல்ல விரும்பியதும் அதைச் சொல்லும் உருவமும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பதைக் காண்பதற்காகவே இவ்வளவு தூரம் பயணப்படலாம். 2011 முதல் இரு கற்களும் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் இருக்கின்றன.

கேள்வி: தேவாலயம் பழையதுதானா? உள்ளே போகலாமா?

பதில்: இப்போதுள்ள கல் கட்டடம் சுமார் 1100ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதற்கு முன் அதே இடத்தில் மரத் தேவாலயம் இருந்தது. அகழாய்வில் எடுத்த எலும்புகளை 2000ஆம் ஆண்டில் மீண்டும் அதன் தரைக்கடியிலேயே அடக்கம் செய்தார்கள். இன்றும் வழிபாடு நடக்கும் ஊர்த் தேவாலயம் அது. வெளியே ஊராரின் கல்லறைகளும் இருக்கின்றன. ஆகவே ஆராதனை, திருமண நேரங்களைத் தவிர்த்துச் செல்லுங்கள். கல்லறைகளுக்கிடையே பாதையை விட்டு விலகாதீர்கள்.