பசுமைப் பொருளாதாரம் கிராமத்தில் சோறு போடுமா?

போடும், ஆனால் சோளச் சோறாக. (மண்ணையும் நீரையும் கெடுக்காமல் பிழைப்பு நடத்துவதுதான் பசுமைப் பொருளாதாரம்.) கேள்விக்கு நான் காட்டும் உதாரணம் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதி. 1983 முதல் அங்கே இயங்கும் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தன்னார்வ அமைப்பின் பெண்கள் சங்கங்களில் பெரும்பாலோர் தலித் சிறு விவசாயிகள்.

ரேஷனில் மலிவு அரிசி வந்ததும் சோளம் விதைப்பது குறைந்து மானாவாரி நிலங்கள் தரிசாகக் கிடந்தன. 1990களில் சங்கங்கள் அந்த நிலத்தை உழவும் எருவடிக்கவும் கடன் கொடுத்தன. கடனைப் பணமாக அல்ல, சோளமாகவே சில வருடங்களில் திருப்ப வேண்டும். அந்தத் தானியம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, வேலை கிடைக்காத மழைக்காலத்தில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் போகும். யார் ஏழை என்பதை ஊர்க்காரர்களே கூடி முடிவு செய்வார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதிகாரியைவிடப் பக்கத்து வீட்டுக்குத்தானே அடுப்பு எரிகிறதா என்று தெரியும்!

'பசுமை' எங்கே என்றால், வயலில். சோளத்தோடு துவரை, தினை, அவரை என ஒரே நிலத்தில் பத்துக்கு மேற்பட்ட பயிர்கள். பாசனமோ ரசாயன உரமோ கிடையாது. சோளத்தட்டை மாட்டுக்கு, சாணம் நிலத்துக்கு. விதையைச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து கூடையில் போட்டு, வாயை மண்ணால் பூசி வைக்கிறார்கள். இயற்கையைக் காத்து வறுமையைக் குறைக்கும் உள்ளூர் முயற்சிகளுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் தரும் ஈக்வேட்டர் பரிசும் 2019இல் இந்த அமைப்புக்குக் கிடைத்தது.

சரி, சிக்கலே இல்லையா? இருக்கிறது. தினை, சாமையை உமி நீக்குவது பெரும்பாடு. பக்கத்தில் மெஷின் இல்லாவிட்டால் அந்தச் சுமை பெண்கள் தலையில்தான் விழும்.