சம்பளம் வந்ததுமே ஜகாத் கொடுக்க வேண்டுமா?

"மாதச் சம்பளத்தில் உடனே இரண்டரை சதவீதம் எடுத்து வைக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி ஜகாத் (இஸ்லாத்தில் கடமையான தானம்) வருமானத்தின் மீது அல்ல, ஒரு வருடம் கையில் தங்கிய செல்வத்தின் மீதுதான். வாடகை, சாப்பாடு என்று செலவாகிப் போனதற்கு ஜகாத்தே இல்லை.

ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவுக்கு நிஸாப் என்று பெயர். உங்கள் சேமிப்பு நிஸாப் அளவை, அதாவது சுமார் 85 கிராம் தங்கத்தின் மதிப்பை, எட்டிய ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். (595 கிராம் வெள்ளியை அளவாக வைப்பவர்களும் உண்டு. அதன் மதிப்பு குறைவு என்பதால் கூடுதல் பேர் ஜகாத் கொடுப்பார்கள், ஏழைகளுக்கு அதுதான் லாபம்.) அடுத்த வருடம் அதே தேதியில் மதிப்பு நிஸாபுக்குக் குறையாமல் இருந்தால், இருப்பதில் நாற்பதில் ஒரு பங்கைக் கொடுங்கள். ஹிஜ்ரி வருடம் சுமார் 354 நாள்தான், ஆங்கிலத் தேதியை வைத்தால் பிந்திவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு மாதச் சேமிப்புக்கும் தனித்தனி வருடம் பார்ப்பது பெரிய தலைவலி. எல்லாவற்றையும் ஒரே தேதியில் கணக்கிடுவது எளிது, ஹனஃபி மத்ஹபின் (இஸ்லாமியச் சட்ட வழிமுறைகளில் ஒன்று) முறையும் அதுதான்.

அணியும் நகைக்கு? ஹனஃபியில் உண்டு, ஷாஃபிஈ மத்ஹபில் இல்லை.

அப்புறம், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத்திலிருந்து கொடுக்கக் கூடாது. அவர்களைப் பராமரிப்பது ஏற்கெனவே உங்கள் கடமை. கஷ்டப்படும் தம்பி, தங்கைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.