ஆபரேஷன் முடிந்த அன்றே எழுப்பி உட்காரவைக்கிறார்களே, தையல் பிரியாதா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பெருங்குடலில் ஒரு பகுதியை எடுக்கும் ஆபரேஷன் அடுத்த வாரம். அன்று மாலையே உட்காரவைப்போம், குடிக்கத் தருவோம், எல்லாம் சரியாக இருந்தால் 4, 5 நாளில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார் செவிலியர். தையல் பிரிந்துவிடாதா? இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.

பதில்: கட்டிலைக் காலிசெய்யத் துரத்துகிறார்கள் என்றுதானே பயப்படுகிறீர்கள்? அப்படி இல்லை. 1990களில் டென்மார்க்கின் அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கெலெட், நோயாளியை நாள்கணக்கில் படுக்கவைப்பது வெட்டுக்காயம் மட்டுமல்ல, நாம் பழக்கத்தில் செய்யும் பட்டினி, குழாய்கள், அளவுமீறிய சலைன், மயக்கும் வலிமருந்து எல்லாம் சேர்ந்துதான் என்று காட்டினார். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், தசை கரையும். நடப்பதால் உள்தையல் பிரியாது. பாரம் தூக்குவதை மட்டும் 6 வாரம் தள்ளிப்போடுங்கள்.

மருத்துவராக இதில் என் பங்கு எழுதிக் கொடுப்பதோடு சரி. வலியில் முகம் சுளிப்பவரைத் தட்டிக்கொடுத்து எழுப்புவதும், சிறுநீர்க் குழாயை எடுக்க எங்களுக்கு நினைவூட்டுவதும், எவ்வளவு குடித்தார், எத்தனை முறை நடந்தார் என்று குறித்துவைப்பதும் செவிலியர்கள். சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கும் இந்த முறையில் எந்தப் படி வார்டில் விட்டுப்போகிறது என்பது அந்தக் குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில்தான் தெரியவந்தது. படிகள் விடாமல் நடக்கும் இடத்தில் சிக்கல்கள் குறைகின்றன. அதனால் செவிலியர் அம்மாவை எழுந்திருக்கச் சொன்னால் "பாவம், தூங்கட்டும்" என்று தடுக்காதீர்கள்.

நீங்கள் முக்கியமாகக் கவலைப்பட வேண்டியது: குடலை இணைத்த இடத்தில் கசிவு. சிலருக்குத்தான் வரும், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் வரலாம். குறைந்துகொண்டே வந்த வயிற்றுவலி திரும்ப ஏறுகிறதா, சும்மா படுத்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 100ஐத் தாண்டுகிறதா, காய்ச்சல், வயிற்று உப்புசம், வாந்தி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். வலி ஏறி நாடியும் வேகமாக ஓடினால் அந்த இரவே கிளம்புங்கள், விடியட்டும் என்று உட்காராதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாக ஒரு வலிமாத்திரை, ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வருகிறீர்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மாத்திரை காய்ச்சலையும் வலியையும் அடக்கிவைக்கும், கசிவு பாட்டுக்கு உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

அசதி, தளர்வாகவோ ஒழுங்கில்லாமலோ மலம் போவது, காயத்தைச் சுற்றிக் கன்றிய நிறம், இதெல்லாம் இருக்கும், விடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகும் முன் அந்தச் செவிலியரிடமே, ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் எந்த எண்ணில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.