அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம்: சுவரைப் பலகை அடித்து மூடலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் 7 பேர்ச் காணியில் கட்டிக் கொடுத்த 550 சதுர அடி வீட்டுக்கு லயத்திலிருந்து வந்து எட்டு மாதமாகிறது. 10க்கு 10 அறைக்குத் தவணைக்கு ஒரு மூன்று கதவு அலுமாரி எடுத்தோம். மழை தொடங்கியதும் அதன் பின்பக்கமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அடிப்பலகை ஊதிவிட்டது, உடுப்பெல்லாம் மக்கிய வாசம். சுவர் ஈரத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள் கடையில். பி.வி.சி. பலகை அடிக்கும் ஒருவர் மூன்று சுவரையும் மூடிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று விலை சொல்லியிருக்கிறார். மூடலாமா?

பதில்: மூடாதீர்கள், சகோதரி. முற்பணம் இன்னும் கொடுக்கவில்லையென்றால் கொடுக்கவும் வேண்டாம். பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போகாத ஓர் இடுக்கு உண்டாகும். இப்போது அலுமாரிக்குப் பின்னால் நடப்பது அப்போது மூன்று சுவரிலும் நடக்கும், உங்கள் கண்ணில்தான் படாது. பலகை அடிப்பவர் அடுத்த மழைக்கு உங்கள் வீட்டுப் பக்கம் வரப்போவதில்லை.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு பொலித்தீன் துண்டும் டேப்பும் போதும். அலுமாரியை இழுத்துவிட்டு, சுவரைத் துடைத்து, ஒரு நாள் காற்றாட விடுங்கள். பிறகு தரையிலிருந்து ஓரடி உயரத்தில், 1 அடிக்கு 1 அடி பொலித்தீனை நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால், ஈரம் சுவருக்குள்ளால் வருகிறது. அறைப் பக்கம் நின்றால், உங்கள் அறைக் காற்றின் ஈரம்தான் குளிர்ந்த சுவரில் படிகிறது, சோற்றுப்பானை மூடியின் உட்பக்கம் நீர் கோப்பதைப் போல. நான்கு பேர் யன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் அறையில், விடியும்போது மூச்சின் ஈரமெல்லாம் வெளிச்சுவரில்தான் இருக்கும். உங்கள் ஊர்க் குளிருக்கு இரண்டு பக்கமும் நீர் நின்றாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

சுவருக்குள்ளால் வருகிறதென்றால் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில்தான் இந்த வீடுகள் நிற்கின்றன. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் அத்திவாரத்தில் முட்டி நிற்கும். கையளிப்பு விழாவுக்கு வாழை மரம் கட்ட எல்லோருக்கும் நேரம் இருக்கிறது, பின்னால் ஒரு கான் வெட்ட ஒருவருக்கும் நேரமில்லை. சுவரிலிருந்து 2 அடியாவது தள்ளி, வீட்டுத் தரை மட்டத்தை விட 6 அங்குலமாவது தாழ்வாக, அடிக்குக் கால் அங்குலச் சாய்வு விட்டுக் கானை வெட்டுங்கள். கான் தண்ணீர் பக்கத்து வீட்டு அத்திவாரத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மண்மேட்டின் அடியில் மட்டும் மண்வெட்டியை வைக்காதீர்கள். மேடு வீட்டோடு ஒட்டி நின்றாலோ, மேலே வெடிப்புத் தெரிந்தாலோ கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அது பூஞ்சணத்தை விடப் பெரிய விஷயம்.

கூரைப் பீலி இல்லையென்றால் அடுத்த செலவு அதற்குத்தான். கூரைத் தண்ணீர் தரையில் அடித்துச் சுவரில் தெறிப்பதால்தான் வெளிச்சுவரின் கீழ் ஓரடி எப்போதும் பச்சையாக இருக்கிறது. பெயின்ட் கடையில் ‘வோட்டர் புரூப்’ வாளியைக் கையில் தருவார்கள். அதை வெளிப்பக்கம் அடியுங்கள். உள்ளே அடித்தால் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கழன்று வரும். எந்தப் பெயின்டானாலும் சுவர் காய்ந்த பிறகுதான். உங்கள் பகுதிக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் அதற்கு ஏற்ற காலம்.

இருக்கும் பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் அறை முழுதும் பறக்கும். 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு கோப்பை துணி வெளுக்கும் ப்ளீச் கலந்து, யன்னலைத் திறந்து வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துடையுங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்தை அதோடு சேர்க்கவே கூடாது, விஷ வாயு கிளம்பும்.

இனி அலுமாரி. யன்னல் இருக்கும் சுவர் வெளிச்சுவர். மூலை அறையென்றால் அதற்குப் பக்கத்துச் சுவரும் வெளிச்சுவர்தான். இரண்டிலும் அலுமாரி வைக்கக் கூடாது. பக்கத்து அறையோடு பொதுவாக உள்ள உட்சுவரில், 3 அங்குலம் தள்ளி வையுங்கள். அறை 120 அங்குலம். அலுமாரியின் ஆழம் 24, பின் இடைவெளி 3. 60 அங்குல அகலக் கட்டில் போட்டால் நடுவே மிஞ்சுவது 33 அங்குலம். கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் நிற்கலாம், இன்னொருவர் கடந்து போக முடியாது. 48 அங்குலக் கட்டில் என்றால் 45 அங்குலம் மிஞ்சும். கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், அது அலுமாரிக்கு எதிர்ச்சுவர் என்றால் நடு இடைவெளி அந்த அளவு குறையும். மெத்தையைத் தரையில் போடாதீர்கள்.

ஊதிய பலகை இனிப் பழைய நிலைக்கு வராது. அது சிப்போர்ட். கதவுப் பிணைச்சல் பொருந்தும் வட்டக் குழியைப் பாருங்கள், மரத்தூளை ஒட்டி அழுத்தியது தெரியும். அலுமாரியைச் சாய்த்து, பக்கப் பலகைகளின் ஊதிய அடிப்பகுதியை நேராக அறுத்தெடுங்கள். பெரும்பாலும் 2 அங்குலம் போகும். வெட்டிய விளிம்புக்கு எனாமல் பெயின்ட் இரண்டு பூச்சு. 2க்கு 3 அங்குலச் சட்டத்தில் ஒரு அடிமணை செய்து, அதன் கீழே பொலித்தீன் வைத்து நிறுத்துங்கள். பின்னால் ஆணியடித்திருக்கும் மெல்லிய பலகையில் மேலே ஆறு, கீழே ஆறு என ஓரங்குலத் துளைகள் போடுங்கள். உள்ளே காற்றோடினால்தான் மக்கிய வாசம் போகும்.

அடுப்படியோடு பொதுவான சுவர் கிடைத்தால் அதுவே வீட்டில் நல்ல சுவர், விறகடுப்புச் சூட்டில் எப்போதும் காய்ந்திருக்கும். ஆனால் அங்கே வைக்க நான்கு விஷயம் பார்க்க வேண்டும். சுவர் கூரை வரை முழுதாக எழுப்பியிருக்க வேண்டும். மேலே திறந்திருந்தால் புகை வந்து உடுப்பெல்லாம் கருவாட்டு வாசம் அடிக்கும். அடுப்புக்குப் புகைபோக்கி இருக்க வேண்டும். அடுப்பு அந்தச் சுவரிலேயே ஒட்டியிருக்கக் கூடாது. ஒட்டியிருந்தால் அதற்கு நேர் பின்னால் அலுமாரி வராமல் 2 அடி பக்கவாட்டில் தள்ளுங்கள். சூட்டில் சிப்போர்ட் விளிம்பில் ஒட்டிய பட்டி பசை இளகிக் கழன்றுவிடும். கடைசியாக, சுவரில் கையை வைத்துப் பாருங்கள். இரவுச் சமையல் முடிந்த நேரத்தில் கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த இடம் வேண்டாம், இளஞ்சூடு என்றால் வேண்டிய இடம் அதுதான். எரிவாயு அடுப்புக்கு இதெல்லாம் பொருந்தாது. அது சுவரைக் காய வைக்காது, ஈரத்தைத்தான் கூட்டும்.

இந்த அலுமாரியை விட்டுவிட்டு மரத்தில் புதிதாகச் செய்யலாமா என்று யோசிப்பீர்கள். அப்போது ஒரு மர முதலாளி வருவார்: “தோட்டத்துச் சவுக்கு, மலிவாகத் தாரேன்.” பச்சை மரமாக இருக்கும். ஓரங்குலப் பலகை நிழலில் காய ஒரு வருடமாவது பிடிக்கும், உங்கள் ஊர் ஈரத்துக்கு இன்னும் கூட. காயாத பலகையில் செய்த கதவு மூன்றாம் மாதமே முறுக்கிக்கொண்டு மூடாது. அல்பீசியா என்றால் மருந்தேற்றியதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உளுத்துக் கீழே மாவு கொட்டும். வெட்டவோ ஏற்றவோ வேண்டிய அனுமதிப்பத்திரம் இல்லாத மரம் வழியில் பிடிபட்டால் மரமும் போகும், கொடுத்த காசும் போகும். அரச மரக்கூட்டுத்தாபன விற்பனை நிலையத்தில் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள்.

தவணைக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு 50,000 ரூபா மீதிக்கு “வருடம் 20 வீதம்தான்” என்பார்கள். இரண்டு வருட வட்டி 20,000, மாதம் 2,917 வரும். ஆனால் மாதா மாதம் முதலும் குறைந்துகொண்டு போகிறதே. குறையும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது ஏறத்தாழ 35 வீதம். வங்கியில் இதை விடக் குறைவாக வீடு திருத்தக் கடன் உண்டு, காணி உறுதி கேட்பார்கள். வீட்டைக் கொடுத்தவர்கள் உறுதியைக் கையில் கொடுக்காமல் வருடக்கணக்கில் இழுப்பதால்தான் ஆட்கள் தவணைக் கடையில் போய் விழுகிறார்கள். கட்டின வீட்டுக்கு ஒரு கடதாசி கொடுக்க என்னதான் தடையோ.

கடைக்காரர் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். உத்தரவாதப் பத்திரத்தில் ஈரத்தால் வரும் சேதம் விலக்கு என்று எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால் தெரிந்தவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். அப்படி எழுதியில்லையென்றால், பற்றுச்சீட்டுப் பிரதியும் பூஞ்சணம், ஊதல் இரண்டின் படங்களும் சேர்த்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குத் தாமதிக்காமல் எழுத்து மூலம் முறையிடுங்கள், தொலைபேசி 1977. படங்களை அடிப்பலகையை அறுப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். அறுத்த பிறகு எடுத்தால் நீங்களே உடைத்ததாகச் சொல்வார்கள்.