ஏழு விநாடி டிரம்ஸும் ஒரு வெள்ளை கிட்டாரும்

வாசகர் கேள்வி-பதில்

கே: ஜூன் மாதத்தைக் கறுப்பின இசை மாதம் என்கிறார்களே, எப்போதிலிருந்து? (வாசகி, மதுரை)

ப: 1979-லிருந்து. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் காலத்தில் தொடங்கியது. ப்ளூஸ், ஜாஸ், சர்ச்சில் பாடும் பக்திப் பாட்டான காஸ்பல், சோல், ஹிப் ஹாப், சிகாகோவில் பிறந்த ஹவுஸ், டெட்ராய்டில் பிறந்த டெக்னோ என்ற நடன இசைகள், எல்லாமே அங்குள்ள கறுப்பின மக்கள் உருவாக்கியவை. இன்று உலகம் ஆடுகிற பாட்டில் பாதிக்கு மேல் இந்த வழியில் வந்ததுதான் என்பேன்.

கே: ராக் அண்ட் ரோலைத் தொடங்கியவர் எல்விஸ் பிரெஸ்லிதான் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். சரியா? (வாசகர், திருச்சி)

ப: இல்லை. எல்விஸ் அருமையான பாடகர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1954-ல் வந்த அவருடைய முதல் ரெக்கார்டே ஆர்தர் கிரடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946-ல் பதிவு செய்த பாட்டுதான். தனக்குச் சேர வேண்டிய ராயல்டிக்காக, அதாவது பாட்டின் வருமானத்தில் தன் பங்குக்காக, கிரடப் பல வருஷம் போராட வேண்டியிருந்தது.

சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற பெயரையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். 1915-ல் அமெரிக்காவின் ஆர்கன்ஸாவில் பிறந்தவர், சின்ன வயசிலேயே சர்ச்சில் கிட்டார் வாசித்தவர். பிற்பாடு எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் காஸ்பல் பாடிய விதத்தைக் கேட்டால், ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவுவதற்குப் பல வருஷம் முன்பே அந்த இசை தயாராக இருந்தது புரியும். 1947-ல் பதினாலு வயசுப் பையன் ஒருவனைத் தன் மேடையில் ஏற்றிப் பாடவைத்துக் காசும் கொடுத்தார், அந்தப் பையன்தான் பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்ட்.

1964-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரயில் ஓடாத ஒரு பழைய ஸ்டேஷனில் டிவிக்காக அவர் பாடிய காட்சி இணையத்தில் கிடைக்கிறது, அவசியம் பாருங்கள். ஒரு பிளாட்பாரத்தில் ரசிகர்கள், எதிர்ப் பிளாட்பாரத்தில் இவர், நல்ல மழை. குதிரை வண்டியில் வந்து இறங்கி, கோட்டோடு நின்று வெள்ளை கிட்டாரை வாங்கி மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய ஆன்மிகப் பாட்டையே எடுத்துப் பாடுகிறார். கம்பியை விரலால் தள்ளி ஸ்வரத்தை வளைக்கிறார் பாருங்கள், கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடிபடும்.

அவர் 1973-ல் இறந்தார். பிலடெல்பியாவில் அவரைப் புதைத்த இடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பெயர்க்கல்கூட இல்லை. இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986-ல் முதல் ஆண்டிலேயே எல்விஸைச் சேர்த்தது, இவரைச் சேர்த்தது 2018-ல்! எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

கே: ராப் பாட்டுகளில் பழைய ரெக்கார்டிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் போடுகிறார்களே, அது திருட்டு இல்லையா? (வாசகர், ஈரோடு)

ப: எடுக்கிற விதம் ஒரு கலை, காசு கொடுக்காமல் விடுவது அநியாயம், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 1973 ஆகஸ்ட் 11-ம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸில் தங்கை ஏற்பாடு செய்த பார்ட்டியில் டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்டார். ஜமைக்காவிலிருந்து குடியேறியவர். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் வருகிற இடத்தில்தான் கூட்டம் துள்ளுகிறது என்று கவனித்து, ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்த இடத்தையே நீட்டிக்கொண்டு போனார். ராப் பாட்டும் அடங்கிய ஹிப் ஹாப் அங்கிருந்துதான் கிளம்பியது.

அப்படி எடுத்தாளப்பட்டதில் மிகப் பிரபலமான துண்டு, 1969-ல் வின்ஸ்டன்ஸ் குழுவின் ரெக்கார்டில் கிரிகோரி கோல்மன் வாசித்த ஏழு விநாடி டிரம்ஸ். நான்கு தாளச் சுற்று அது; முதல் இரண்டு சுற்று நேராகப் போகும், மூன்றாவதில் ஒரு அடி சற்றுத் தள்ளி விழும், நான்காவதில் முதல் அடியையே விட்டுவிட்டு உள்ளே வருவார். லண்டனில் 90-களில் ஜங்கிள் என்று ஒரு இசையே இதை வேகமாக ஓட்டி உருவானது. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இந்தத் துண்டு இருக்கிறது. கோல்மன் 2006-ல் வீடு வாசல் இல்லாமல் இறந்தார், இதற்காக ஒரு ராயல்டியும் பார்க்கவில்லை. 2015-ல் பிரிட்டிஷ் டிஜேக்கள் இணையத்தில் நிதி திரட்டி 24,000 பவுண்டுக்கு மேல் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். நல்ல மனசு, ஆனால் கோல்மனுக்கு அது வந்து சேரவில்லையே.

கே: அப்படியானால் தமிழில் ராப் பாடுவது காப்பிதானே? (வாசகர், நாகர்கோவில்)

ப: அப்படிச் சொல்ல மாட்டேன். மலேசியாவில் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தில் 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து அதன்மேல் தங்கள் தமிழில் ராப் பாடினார்கள். பிராங்க்ஸில் பிறந்த வித்தை, இளையராஜாவின் மெட்டு, மலேசியத் தமிழரின் பேச்சு. 1980-ல் வந்த பாட்டை முதலில் போட்டு, உடனே இதைப் போட்டுக் கேளுங்கள்.