தறி நின்ற பேட்டை

சென்னையில் ஒரு சின்னப் பகுதியை எடுத்து, அதன் அடையாளம் என்ன என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். மயிலாப்பூரைப் பாதி வகுப்பு எடுத்துக்கொண்டது. நான் எங்கே போவது?
– கல்லூரி மாணவி, தாம்பரம்

சிந்தாதிரிப்பேட்டைக்குப் போம்மா. நான் பிறந்து வளர்ந்த இடம் என்கிற பாசமும் இதில் உண்டு. ஆனால் உன் வேலைக்கும் அது பொருத்தமான இடம். கூவம் வளைந்து ஓடி எல்லை போட்டுக் கொடுத்திருப்பதால், ஒரே காலையில் முழுசாக நடந்துவிடலாம்.

இது தானாக வளர்ந்த ஊர் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏற்றுமதி செய்யத் துணி தேவைப்பட்டது. 1734-ல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், ஆற்று வளைவில் இருந்த சுங்குராம செட்டியின் தோட்டத்தை எடுத்து, நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், வெளுப்பவர் என்று குடும்பம் குடும்பமாகக் குடியேற்றினார். ஆள் குடியேறினால் கோயில் வேண்டாமா? ஆதிபுரீஸ்வரரும் ஆதிகேசவப் பெருமாளும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். இரண்டையும் பார்த்துவிட்டு, அமெரிக்க மிஷன் 1847-ல் கட்டிய சீயோன் தேவாலயத்துக்கும் போய் வா.

ஆனால் முதலில் மீன் மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பறக்கும் ரயிலில் வந்து இறங்கிவிடு. சங்கரா, வஞ்சிரம், கடம்பா, நெத்திலி எல்லாம் தட்டில் குவிந்திருக்கும். விலை படிந்ததும், "அக்கா, ஆஞ்சு குடுங்க" என்று நீட்டினால், அரிவாள்மணைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலைநிமிராமல் வாங்குவார். செதிலைச் சீவி, செவுளைப் பிடுங்கி, குடலை ஒரே இழுப்பில் எடுத்து, "குழம்புக்கா, வறுக்கவா?" என்று கேட்பார். நீ சொல்லும் பதிலுக்கு ஏற்றபடி துண்டின் கனம் மாறும். அவர் கை ஓயும் நேரம் பார்த்துப் பேச்சுக் கொடு. எத்தனை வருஷமாக இந்த இடத்தில் உட்காருகிறார், அவருக்கு முன்னால் யார் உட்கார்ந்தார்கள் என்று கேள். உன் கட்டுரையின் முதல் பக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

அப்புறம், கேட்காமல் யாரையும் படம் எடுக்காதே. வியாபார நேரத்தில் அது தொந்தரவு.

அங்கே இன்னமும் தறி ஓடுகிறதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காஞ்சிபுரம்

நான் அறிந்த காலத்தில் இல்லை ஐயா. ஆனால் கைத்தொழிலுக்கென்று போட்ட பேட்டை இன்றைக்கும் கைத்தொழிலில்தான் பிழைக்கிறது. மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் சாலிடரிங் புகை நடுவே சர்க்கியூட் போர்டைக் குடைந்துகொண்டிருக்கும் பையன்களைப் பாருங்கள். ஆற்றைத் தாண்டினால் புதுப்பேட்டையில் வண்டியைப் பிரித்து உதிரி உதிரியாக விற்கிறார்கள்.

பேட்டைக்குள் இருந்த நேப்பியர் பூங்கா இப்போது மே தினப் பூங்கா. 1923-ல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மெரினாவில் மே தினம் கொண்டாடிய சென்னை இது. ஒவ்வொரு மே 1-ம் தேதியும் அந்தப் பூங்காவில் இருக்கும் நினைவுச்சின்னத்துக்கு மாலையோடு தொழிலாளர்கள் வருகிறார்கள். அந்தப் பெயர் இந்த இடத்துக்கு அமைந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கூவம் கரையில் இருந்த எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிப் பல வருஷமாகிறது. எந்த ஊர் என்று கேட்டால் இன்னமும் சிந்தாதிரிப்பேட்டை என்றுதான் வாயில் வருகிறது. என் மகள், "அது பழைய கதைம்மா" என்கிறாள். நான் இனி அந்த ஊர்க்காரி இல்லையா?
– வீட்டு வேலை செய்யும் வாசகி, பெரும்பாக்கம்

நீங்கள் அந்த ஊர்க்காரிதான் அக்கா. பேட்டையின் சமையலறைகளும் கடைகளும் யார் உழைப்பில் நடந்தன என்று எனக்குத் தெரியும். ஆறு சுத்தமாக வேண்டும்தான். அதற்காகக் கரையில் இருந்தவர்களை வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத தூரத்தில் கொண்டுபோய்விட்டது அநியாயம். விடியலில் பஸ் பிடித்து வந்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்களை எனக்குத் தெரியும்.

மகளிடம் வாதாட வேண்டாம். உங்கள் பழைய வரிசையில் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு, தண்ணி லாரி எங்கே நிற்கும், ஆடிக்கு எங்கே கூழ் ஊற்றினீர்கள் என்பதையெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல அவளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாக்கத்திலேயே உங்கள் பழைய அக்கம்பக்கத்தார் வேறு பிளாக்குகளில் இருப்பார்கள். அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தால் விட்டுப்போன பெயர்கள் வந்துவிடும். எழுதி முடித்ததும் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள். மேலே கேள்வி கேட்ட தாம்பரம் மாணவிக்கு அதைக் கொடுக்கலாமா என்பதையும் எழுதுங்கள். அவள் கட்டுரையில் உங்கள் வரிசையும் இருக்க வேண்டும்.