ரஞ்சீத் சிங்காக நடித்தவர்

அன்புள்ள ஐயா,

லண்டனில் வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்கும் வகுப்பை வைத்து எடுத்த பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரான ‘மைண்ட் யுவர் லேங்வேஜை’ச் சிறுவயதில் வீடியோ கேசட்டில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். போன வாரம் மறுபடி பார்த்தபோது கூச்சமாக இருந்தது. தலைப்பாகையோடு “ஆயிரம் மன்னிப்புகள்” என்று குழையும் ரஞ்சீத் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ், இலங்கையின் கம்பளையில் பிறந்தவராமே. பிழைப்புக்காக நம்மைக் கேலிப்பொருளாக்க அவர் ஒப்புக்கொண்டார் என்றுதானே சொல்ல வேண்டும்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கூச்சம் எனக்கும் உண்டு. ஆனால் மோசஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அன்று பிரிட்டனில் ஓர் ஆசிய நடிகருக்கு என்ன வேலை கிடைத்தது என்று பாருங்கள். 1974இல் பிபிசி தொடங்கிய ‘இட் ஏன்ட் ஹாஃப் ஹாட் மம்’ தொடரில் ரங்கி ராம் என்ற இந்தியர் ஒரு முக்கியப் பாத்திரம். அதில் நடித்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளைக்காரர், முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு. டாக்காவில் பிறந்த டினோ ஷஃபீக்குக்குக் கிடைத்ததோ தேநீர் விற்பவர் வேடம். இந்தியராக நடிக்கவே இந்தியரைத் தேடாத காலம் அது. மூன்று வருடம் கழித்து வந்த ‘மைண்ட் யுவர் லேங்வேஜ்’ வாராவாரம் வசனம் பேசும் வேடத்தை மோசஸுக்கும் ஷஃபீக்குக்கும் கொடுத்தது. எந்த நடிகர் விடுவார்?

அதை அவர் எப்படிச் செய்தார் என்பதையும் கவனியுங்கள். தப்பான பதிலைச் சொல்லும்போது ரஞ்சீத்தின் முகத்தில் அசட்டுத்தனமே இருக்காது. சரியாகச் சொல்லிவிட்ட திருப்தி இருக்கும். வகுப்பு சிரிக்கும், அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார். வசனத்தில் இல்லாத அந்த மரியாதை நடிகர் கொண்டுவந்தது.

1979இல் அந்தத் தொடரைத் தயாரித்த தொலைக்காட்சி நிறுவனத்தின் அதிகாரி மைக்கேல் கிரேட் அதை நிறுத்தினார், இனங்களைப் புண்படுத்துகிறது என்று. சரியான முடிவுதான். அப்புறம்? அதில் நடித்தவர்களுக்கு வேறு வேடம் யார் எழுதினார்கள்? எனக்கு ஆதங்கமே இதில்தான். மோசஸ் ஜேம்ஸ் பாண்ட் படங்களில் வந்தார்: 1977இல் மதுக்கூடப் பணியாளர், 1983இல் உதய்ப்பூரில் பாண்டுக்கு உதவும் உளவு அதிகாரி சத்ருத்தீன். இரண்டும் சின்ன வேடங்கள்.

மாற்றம் எழுத்து மேசையிலிருந்து வந்தது. பஞ்சாபில் பிறந்த சயீத் ஜாஃப்ரியும் பல வருடம் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் கிடைத்ததைச் செய்தவர்தான். 1985இல் ஹனீஃப் குரேஷி எழுத, சேனல் 4 தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ‘மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்’ படம் வந்தது. அதில் ஜாஃப்ரிக்கு லண்டனில் வாழும் பாகிஸ்தானி நாசர் வேடம்: பணக்காரன், உல்லாசி, மனைவி இருக்கும்போதே ஓர் ஆங்கிலேயப் பெண்ணோடு உறவு. வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவரை வெளியே தள்ளுகிறான். ஒரு பாகிஸ்தானி இதைச் செய்யலாமா என்று கேட்டால், தான் தொழில்முறை வியாபாரி, தொழில்முறை பாகிஸ்தானி அல்ல என்கிறான். குடியேறியவன் நல்லவனாக மட்டுமே வர வேண்டியதில்லை என்ற சுதந்திரத்தை எழுதுகிறவர் கொடுத்தார். ஜாஃப்ரி அதில் புகுந்து விளையாடினார். பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவுக்குப் பரிந்துரையும் கிடைத்தது.

மோசஸுக்கு அப்படி ஒரு குரேஷி கிடைக்கவில்லை. 2017இல் இறந்தபோதும் ரஞ்சீத் சிங்காகவே அவரை நினைவுகூர்ந்தார்கள். ‘லாண்ட்ரெட்’டை ஒருமுறை பார்த்துவிட்டு, நாசர் வேடத்தில் மோசஸ் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்து எனக்கு எழுதுங்கள்.